ஞாயிறு மாலை விருந்தினருக்கு இத்தாலிய எலுமிச்சைத் தார்ட்: பினாங்கு வெயிலில் எது தாங்கும்?

ஜார்ஜ்டவுன் அடுப்படி
திங்கள், காலை 9.40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடி வீட்டில் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை 3 மணி முதல் 7 மணி வரை வாசற்கதவைத் திறந்தே வைத்திருப்போம். யாரையும் நேரம் குறித்து அழைப்பதில்லை. எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்தார் ஒரு நேரத்தில் வருவார்கள், மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற சீன ஆசிரியை இன்னொரு நேரத்தில் வருவார், என் தங்கை தன் பிள்ளைகளோடு எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்பாள். தே ஓ என்னும் பால் சேர்க்காத தேநீர், வடை, ஓர் இனிப்பு, அவ்வளவுதான். வருகிறவர் தாமே ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு எங்கு இடம் கிடைக்கிறதோ அங்கு உட்காரலாம் என்பதே அந்த மாலையின் இயல்பு.

சென்ற மாதம் எலுமிச்சைத் தார்ட் செய்தேன். முட்டை, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, நிறைய வெண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய மஞ்சள் களியை ஏற்கெனவே சுட்டு வைத்த மாவு ஓட்டில் ஊற்றிக் குளிரவைக்கும் வகை. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தபோது கண்ணாடி போல் மின்னியது. நாலரை மணிக்கு அதன் விளிம்பு தளர்ந்து, வெட்டிய இடத்தில் களி வழிந்து, அடி ஓடு ஈரமேறிச் சவசவத்துப் போயிற்று. ஆசிரியை வந்தபோது தட்டில் அவருக்கு எடுத்து வைக்க ஒரு முழுத் துண்டுகூட இல்லை என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

இத்தாலியர்கள் வீட்டில் செய்யும் க்ரோஸ்டாட்டா என்னும் தார்ட் இதைவிட உறுதியானது என்று கேள்விப்பட்டேன். நான்கு மணி நேரம் மேசைமேல் இருக்கக்கூடிய, எலுமிச்சைப் புளிப்பும் மணமும் குறையாத ஒன்றை எப்படிச் செய்வது? என் மாமியார் முட்டை சேர்ப்பதில்லை என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.


செந்தூல் ரொட்டியறை
திங்கள், காலை 11.05

அக்கா, உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. அந்த வகைக் களியின் இயல்பே அதுதான். அதைத் தாங்கி நிறுத்துவதில் பெரும்பங்கு குளிர்ந்து இறுகிய வெண்ணெயினுடையது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும், அதற்கு வெகு முன்னரே குழைந்துவிடும். நம் ஊரில் பிற்பகல் வெப்பம் 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடுகிறது. குளிர்நாட்டு வரவேற்பறைக்காக உருவான ஒரு பண்டத்தை மின்விசிறிக்குக் கீழே வைத்தால் அது நிற்காது. நான் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவள். அந்த வகையைக் குளிரூட்டப்பட்ட மண்டபங்களுக்கு மட்டுமே கொடுப்பது என்று நெடுநாளாக வைத்திருக்கிறேன்.


பிரிக்பீல்ட்ஸ் பழைய கை
திங்கள், இரவு 8.30

இருபத்தெட்டு ஆண்டுகள் ஓட்டல் இனிப்புச் சமையலறைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் செய்தது பிரெஞ்சு வழித் தார்ட். ஓட்டைத் தனியே சுட்டு, களியைத் தனியே காய்ச்சி, கடைசியில் இரண்டையும் சேர்ப்பது அதன் முறை. இத்தாலிய வீட்டு முறையில் பூரணத்தை மாவின் உள்ளேயே வைத்து, மேலே மாவுப் பட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகச் சுடுவார்கள். பூரணத்தை இறுக்குவது வெண்ணெய் அன்று; மாவுச்சத்தும் மஞ்சள் கருவுமே அதை இறுக்குகின்றன. அதனால்தான் அறை வெப்பத்திலும் அது வடிவம் மாறாமல் நிற்கிறது.

முதலில் மாவு. பாஸ்தா ஃப்ரோல்லா என்பார்கள்; ஃப்ரோல்லா என்ற சொல்லுக்கு எளிதில் உதிர்வது என்று பொருள் கொள்ளலாம். 24 செ.மீ. தட்டுக்கு 300 கிராம் சூப்பர்ஃபைன் கோதுமை மாவு, 150 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 110 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு முழு முட்டை, ஒரு மஞ்சள் கரு, ஒரு லெமனின் துருவிய தோல், ஒரு சிட்டிகை உப்பு. குளிர்ந்த வெண்ணெயை மாவில் இட்டு விரல்நுனியால் மணல்போல் உதிர்த்துக்கொண்டு, பிறகே முட்டையைச் சேர்க்க வேண்டும். சப்பாத்தி மாவைப் பிசைவதுபோல் பிசைந்தால் பசைத்தன்மை உண்டாகி, சுடும்போது ஓடு சுருங்கிக் கெட்டியாகிவிடும். ஒன்றாகத் திரண்டவுடன் கையை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது பூரணம். மெழுகு போகத் தேய்த்துக் கழுவிய 2 லெமன்களின் தோலைக் காய்சீவியால் அகலப் பட்டைகளாகச் சீவிக்கொள்ளுங்கள். அடியிலுள்ள வெள்ளைப் பகுதி ஒட்டினால் கசக்கும். அந்தப் பட்டைகளை 400 மி.லி. பாலில் இட்டு, கொதி வரும் முன் இறக்கி, மூடி, அரைமணி நேரம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். 4 மஞ்சள் கரு, 140 கிராம் சர்க்கரை, 45 கிராம் சோளமாவு ஆகியவற்றைக் கட்டியின்றி அடித்து, சூடான பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலந்து, மீண்டும் அடுப்பில் ஏற்றிக் கிளறுங்கள். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். கெட்டியானவுடன் இறக்கிவிடக் கூடாது. குமிழி விட்டுக் கொதித்த பிறகு இன்னும் ஒரு நிமிடமாவது கிளற வேண்டும். மஞ்சள் கருவில் மாவுச்சத்தைச் சிதைக்கும் ஒரு நொதி உண்டு. அது நன்றாகக் கொதித்தால்தான் செயலிழக்கும். இல்லையென்றால் இரவு கெட்டியாக வைத்த பூரணம் காலையில் கூழாக இருக்கும், காரணமும் விளங்காது.

எலுமிச்சைச் சாறு 100 மி.லி., வெண்ணெய் 30 கிராம், இரண்டையும் அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே சேர்க்க வேண்டும். புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் மாவுச்சத்து இறுக்கும் திறனை இழந்துவிடும். அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்த்துவிடுங்கள். சாறு பட்டால் உலோகச் சுவை ஏறும், மஞ்சள் நிறமும் மங்கும். பூரணம் முழுவதும் ஆறிய பிறகு மாவில் நிரப்பி, 175 டிகிரியில் அடுப்பின் கீழ்த்தட்டில் 40 நிமிடம் சுடுங்கள். சூட்டோடு வெட்டாதீர்கள்.


செவிலி, ஈப்போ சாலை
செவ்வாய், காலை 7.15

ஐயா எழுதியதைக் கவனமாகப் படித்தேன். அது நிற்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் வடிவம் மாறாமல் நிற்பது வேறு, கெடாமல் இருப்பது வேறு என்பதை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. பாலும் முட்டையும் சேர்ந்த ஈரமான பூரணம் கிருமி வளர்வதற்கு ஏற்ற இடம். இத்தகைய உணவைக் குளிரிலிருந்து எடுத்தபின் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பதும், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே எல்லை என்பதும் உணவுப் பாதுகாப்பில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. அக்கா வீட்டில் மாலை 3 மணிக்கு வைத்ததை 7 மணிக்குச் சாப்பிடப் போகிறவர்களில் முதியவர்களும் சிறுபிள்ளைகளும் இருக்கிறார்கள். எலுமிச்சையின் புளிப்பு ஓரளவு காப்பாற்றும் என்று நம்பி அந்த எல்லையைத் தளர்த்திக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் பாலில் கலந்தபின் அந்தப் புளிப்பின் வீரியம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.


பிரிக்பீல்ட்ஸ் பழைய கை
செவ்வாய், காலை 8.00

அம்மா சொல்வது முற்றிலும் சரி. ஓட்டலில் பாதித் தார்ட்டை வெளியே வைத்து மீதியை உள்ளே வைப்போம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தட்டு மாறும். அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராக வந்து போகும் வீட்டில், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றால்தான் அது நடக்கும்.


சலேர்னோவில் இரண்டு ஆண்டு
செவ்வாய், மதியம் 1.20

இப்போது கோலாலம்பூரில் வேலை பார்க்கிறேன். படிப்புக்காகத் தென் இத்தாலியில் சலேர்னோ நகரில் இரண்டு ஆண்டுகள் இருந்தபோது, நான் வாடகைக்குத் தங்கியிருந்த வீட்டு அம்மையாரின் சமையலறை மேசையில் எப்போதும் ஒரு க்ரோஸ்டாட்டா இருக்கும். அது குளிர்பதனப் பெட்டிக்குள் போய் நான் பார்த்ததே இல்லை. அதில் முட்டையும் பாலும் சேர்ந்த பூரணம் கிடையாது, பழப்பாகுதான் இருக்கும். மாலை நான்கு, ஐந்து மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வந்து போகிறவர்களுக்கும் கொடுக்கும் சிற்றுண்டியை அங்கு மெரெண்டா என்பார்கள். அந்த வேளைக்கு உரியது இந்தத் தார்ட். முதல் நாள் சுட்டதைவிட மறுநாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாளும் உண்ணலாம். சர்க்கரை மிகுந்த பாகில் கிருமிகளுக்கு வேண்டிய ஈரம் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், செவிலி அம்மாவின் கவலைக்கும் இதுவே விடை என்று நினைக்கிறேன்.

இத்தாலிய மொழியில் மர்மெல்லாத்தா, கொன்ஃபெத்தூரா என்று இரண்டு சொற்கள் உண்டு. பேச்சில் மக்கள் எல்லாப் பழப்பாகையும் மர்மெல்லாத்தா என்று சொன்னாலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு விதிப்படி போத்தல்களில் அந்தப் பெயரை எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற பழங்களின் பாகுக்கு மட்டுமே இட்டு வந்தார்கள், மற்றவை கொன்ஃபெத்தூரா; 2024இல் அந்த விதி திருத்தப்பட்டது. அந்த அம்மையார் பயன்படுத்தியது அமால்ஃபிக் கடற்கரையில் விளையும் எலுமிச்சை. நூல் நூற்கும் கதிர்போல் இரு முனையும் கூர்ந்து, வெள்ளைத் தோல் தடித்து, கைக்குப் பெரிதாக இருக்கும். மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டிய தோட்டங்களில் செஸ்ட்நட் மரக் கழிகளால் பந்தலிட்டு வளர்க்கிறார்கள். 2001ஆம் ஆண்டு முதல் அதற்குப் புவிசார் பாதுகாப்பு உண்டு. அந்த வெள்ளைத் தோல் கசக்காது; மெல்லிய வில்லைகளாக அரிந்து உப்பைத் தூவித் தோலோடு தின்பார்கள். நமக்கு இங்கு கிடைக்கும் லெமனின் வெள்ளைத் தோல் அப்படியல்ல. ஆகவே அங்கே செய்வதுபோல் முழுப் பழத்தையும் பாகில் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்நாட்டு எலுமிச்சை இனிப்புகளின் உயிர் தோலின் எண்ணெயில் இருக்கிறது. சாறு புளிப்பைத் தரும், அவ்வளவே. தோலைச் சர்க்கரையோடு சேர்த்து விரல்களால் தேய்த்து, சர்க்கரை ஈரமாகி மஞ்சளாக மாறும்வரை விடமாட்டார் அந்த அம்மையார்.


ஜார்ஜ்டவுன் அடுப்படி
செவ்வாய், மாலை 6.45

உங்கள் எல்லாருடைய அக்கறைக்கும் நன்றி. பழப்பாகு வைத்த தார்ட் என்றவுடன் எனக்கு நம் அன்னாசித் தார்ட் நினைவுக்கு வந்துவிட்டது. தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் எல்லா வீட்டிலும் போத்தலில் அடைத்து வாரக்கணக்கில் வைத்திருக்கிறோமே, அதே தத்துவம் அல்லவா இது? வெண்ணெய் மாவு, வற்றக் காய்ச்சிய பழம், மேலே குறுக்குப் பட்டி. இவ்வளவு அருகில் இருந்ததை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

லெமன் மர்மெல்லாத்தா கடையில் கிடைப்பது மிகவும் இனிப்பாக இருக்கிறது. நம் ஊர்ச் சிறு புளிப்புப் பழமான லீமாவ் கஸ்தூரியில் செய்தால் சரிவருமா?


பாலிக் புலாவ் தோட்டம்
செவ்வாய், இரவு 9.50

சரிவருமா என்றா கேட்கிறீர்கள் தங்கச்சி? பழப்பாகுக்கென்றே படைக்கப்பட்டது போன்ற பழம் அது. எங்கள் வீட்டின் பின்புறம் நான்கு மரங்கள் இருக்கின்றன, ஆண்டு முழுவதும் காய்க்கும். கஸ்தூரியின் சிறப்பு என்னவென்றால், சுளை கடும் புளிப்பாக இருந்தாலும் தோல் மெல்லியதாகவும் இனிப்புக் கலந்ததாகவும் இருக்கும். வெள்ளைப் பகுதி இல்லை என்றே சொல்லலாம். மேலே சகோதரர் குறிப்பிட்ட கசப்புத் தொல்லை இதில் பெரும்பாலும் கிடையாது. கசப்பு வருவது விதையை நசுக்கினால்தான்.

நான் செய்யும் முறையை விரிவாக எழுதுகிறேன். 600 கிராம் பழத்தைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். பாதி பச்சையாகவும் பாதி மஞ்சள் ஏறத் தொடங்கியும் இருந்தால் நல்லது. முழுக்கப் பழுத்து ஆரஞ்சு நிறமானதில் மணம் குறைந்துவிடும், பாகும் இறுகச் சுணங்கும். கழுவி, குறுக்கே இரண்டாக வெட்டி, சாற்றைப் பிழிந்து தனியே வையுங்கள். ஒரு பழத்துக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் வரும், ஆகவே பொறுமை வேண்டும். விதைகளை எறிந்துவிடாதீர்கள். பாகை இறுக்கும் பெக்டின் அவற்றைச் சுற்றியுள்ள வழுவழுப்பிலேயே நிறைய இருக்கிறது. விதைகளை மல்துணியில் தளர்வாக முடிந்துகொள்ளுங்கள். தோலை மெல்லிய நூல்போல் அரிந்து, சாறு, விதை முடிச்சு, ஒரு லிட்டர் தண்ணீர் ஆகியவற்றோடு இரவு முழுவதும் ஊறவிடுங்கள்.

மறுநாள் சர்க்கரை போடாமல் முக்கால் மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட வேண்டும். ஒரு தோல் துணுக்கை விரலிடுக்கில் அழுத்தினால் மசிய வேண்டும். சர்க்கரை சேர்ந்த பிறகு தோல் இதற்குமேல் மிருதுவாகாது. அவசரப்பட்டால் நார் நாராகப் பல்லில் சிக்கும். துணி முடிச்சை ஆறவைத்து, கைப்பிடியில் அழுத்திக் கூழை மட்டும் பிழிந்து சேர்த்துவிட்டு, பழத்தின் எடைக்குச் சமமாக 600 கிராம் சர்க்கரையைக் கொட்டிக் கரைத்து, பெருந்தீயில் கொதிக்க விடுங்கள். சாதாரணமாகப் போத்தலில் வைக்கும் பாகு 104, 105 டிகிரியில் இறுகும். வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு தட்டை ஃப்ரீசரில் வைத்திருந்து, அதில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளும்போது மேலே சுருக்கம் விழுகிறதா என்று பார்க்கலாம். ஆனால் தார்ட்டுக்கு வைக்கும் பாகை அதற்குச் சற்று முன்பே இறக்கிவிட வேண்டும். அடுப்பில் மறுபடி அரைமணி நேரம் வேகப்போகிறது என்பதால், முழுதும் இறுகிய பாகை வைத்தால் தோல்போல் இழுபடும். நான் முதன்முறை செய்தபோது கத்தியே இறங்கவில்லை.

24 செ.மீ. தட்டுக்கு 350 கிராம் பாகு போதும். கூடுதலாக வைத்தால் திகட்டும், ஓரத்தில் பொங்கிக் கரியும்.


சைவ அடுக்களை, கிள்ளான் சாலை
புதன், காலை 10.10

அக்கா, உங்கள் மாமியாருக்காக ஒரு வார்த்தை. பாகு வைத்த தார்ட்டில் முட்டை இருப்பது மாவில் மட்டுந்தான், ஆகவே மாற்றுவது எளிது. முட்டைக்குப் பதிலாக 4 மேசைக்கரண்டி குளிர்ந்த பாலைச் சிறிது சிறிதாகத் தெளித்துச் சேர்த்து, திரண்டதும் நிறுத்துங்கள். வெண்ணெயை 150 கிராமிலிருந்து 165 கிராமாக உயர்த்தினால் உதிர்வு குறையாது. பட்டிகள்மேல் முட்டைக்குப் பதில் பால் தடவலாம். முட்டை மாவின் அளவுக்குப் பொன்னிறம் வராது என்பது உண்மை, சுவையில் எனக்கு வேறுபாடு தெரிவதில்லை. முட்டை சேர்த்தது, சேர்க்காதது என்று இரண்டு செய்து அடையாளம் வைப்பதைவிட, எல்லாருக்கும் ஒன்றே செய்துவிடுங்கள். புரட்டாசி, கந்த சஷ்டி விரதக் காலங்களில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் 'இதில் முட்டை இருக்கிறதா' என்று தயங்கித் தயங்கிக் கேட்பதைப் பார்க்கும்போது எனக்கே சங்கடமாக இருக்கும். கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் இருப்பதுதான் நல்ல உபசரிப்பு.

கூழ்போன்ற எலுமிச்சைப் பூரணமே வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், பாலும் முட்டையும் இல்லாமல் தண்ணீரில் காய்ச்சலாம். 400 மி.லி. தண்ணீர், 160 கிராம் சர்க்கரை, 50 கிராம் சோளமாவு, தோல், கடுகளவு மஞ்சள் தூள். கொதித்து இறுகியதும் இறக்கி, 100 மி.லி. சாறும் 40 கிராம் வெண்ணெயும் சேர்க்க வேண்டியதுதான். ஜெலட்டின் மட்டும் வேண்டாம். அது விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுப்பது, நம் வெப்பத்தில் உருகவும் செய்யும். அகார் அகார் கடற்பாசியில் ஆனது, ஒருமுறை இறுகிவிட்டால் 85 டிகிரி வரை உருகாது, ஆகவே அதைச் சேர்க்கலாமா என்று ஐயாவிடம் கேட்க விரும்புகிறேன்.


பிரிக்பீல்ட்ஸ் பழைய கை
புதன், மதியம் 12.30

அகார் அகார் நிற்கும், ஆனால் வாயில் உடையும். எலுமிச்சைப் பூரணம் நாவில் குழைய வேண்டும் அம்மா. கத்தி வைத்தால் வெட்டுத் துண்டாக வருவது இதற்குப் பொருந்தாது. சோளமாவே போதும்.

முட்டை இல்லாத மாவு பற்றி நீங்கள் எழுதியதை நான் வழிமொழிகிறேன்.


செந்தூல் ரொட்டியறை
புதன், மாலை 3.25

மாவை நம் வெப்பத்தில் கையாள்வது பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. வீடுகளில் பெரும்பாலான தார்ட்டுகள் கெடுவது அங்கேதான். காலை ஆறு மணிக்குச் செய்யுங்கள். மாவு, சர்க்கரை, பாத்திரம் ஆகிய மூன்றையும் இரவே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள், வெண்ணெய் மட்டும் குளிர்ந்திருந்தால் போதாது. திரண்ட மாவை உருண்டையாக வைக்காமல் தட்டையான வட்டமாக அழுத்தி உறையில் சுற்றி ஒரு மணி நேரம் குளிரவையுங்கள். தட்டையாக இருந்தால் நடுப்பகுதியும் விரைவில் குளிரும், பிறகு தேய்ப்பதும் எளிது. இரண்டு பேக்கிங் தாள்களுக்கு இடையே வைத்து 4 மில்லிமீட்டர் கனத்துக்கு உருட்டுக்கட்டையால் தேயுங்கள். தாளில் ஒட்டத் தொடங்கினால் மாவு தூவாதீர்கள். தாளோடு எடுத்து ஐந்து நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். தூவும் மாவெல்லாம் உள்ளே போய் ஓட்டைக் கடினமாக்கும்.

தட்டில் பரப்பியபின் அடியை முள்கரண்டியால் குத்திவிட்டு, அப்படியே 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டால் விளிம்பு சரியாது. பட்டிகளையும் வெட்டித் தாளோடு குளிரவையுங்கள். பாய் முடைவதுபோல் மேலும் கீழுமாகப் பின்ன வேண்டியதில்லை. ஒரு திசையில் ஒரு வரிசை, அதன்மேல் சாய்வாக இன்னொரு வரிசை, அவ்வளவே. இத்தாலிய வீடுகளிலும் பெரும்பாலும் அப்படித்தான் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். சலேர்னோ அண்ணன் சொல்லட்டும்.

பாகின் ஈரம் அடியில் இறங்காமல் இருக்க, பரப்பிய மாவின்மேல் இரண்டு மாரி பிஸ்கட்டுகளை நுணுக்கித் தூவிவிடுங்கள்.


சலேர்னோவில் இரண்டு ஆண்டு
புதன், இரவு 7.40

ஆமாம் தங்கை, பின்னுவதில்லை, மேலே வைத்து ஓரத்தை அழுத்திவிடுவார்கள். மாரி பிஸ்கட் யோசனையும் அருமை. அங்கே அமரெத்தி என்னும் பாதாம் பிஸ்கட்டை நுணுக்கிப் போடுவார்கள், வேலை ஒன்றுதான். அந்நாட்டில் லிமொன்செல்லோ என்னும் எலுமிச்சை மதுவைச் சில வீடுகளில் பூரணத்தில் சேர்ப்பதுண்டு. மலாய்க் குடும்பத்தார் வருகிற வீடு என்பதால் அதைத் தொட வேண்டாம், வனிலாச் சாறு வாங்கும்போதும் அதில் மதுசாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றில் எனக்கு மாறுபாடு உண்டு. கஸ்தூரி நல்ல பழம், மறுக்கவில்லை. ஆயினும் அதன் மணம் நாரத்தம் பழத்தையும் கமலா ஆரஞ்சையும் நினைவூட்டுகிறதே தவிர எலுமிச்சையை நினைவூட்டவில்லை. அதை மட்டும் வைத்துச் செய்துவிட்டு இத்தாலிய எலுமிச்சைத் தார்ட் என்று மேசையில் வைப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. மாவில் மட்டுமாவது லெமன் தோல் இருக்கட்டும்.


பாலிக் புலாவ் தோட்டம்
புதன், இரவு 9.15

தம்பி, அந்த அம்மையார் தம் மலையில் விளைந்ததைப் போட்டார். நான் என் கொல்லையில் விளைந்ததைப் போடுகிறேன். அவரும் பினாங்கில் பிறந்திருந்தால் கஸ்தூரியைத்தான் பறித்திருப்பார். பல வாரம் கப்பலில் வந்து மெழுகு பூசிக் கிடக்கும் லெமனின் தோலை, அன்று காலை பறித்த பழத்தின் தோலைவிட உயர்ந்தது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெயரை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். கஸ்தூரி க்ரோஸ்டாட்டா என்றே சொல்லுங்கள், யாருக்கும் குறை வராது.


சலேர்னோவில் இரண்டு ஆண்டு
புதன், இரவு 9.50

அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாவில் லெமன் தோல், பாகில் கஸ்தூரி என்ற என் கருத்தில் நான் நிற்கிறேன். பெயர் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன்.


ஜார்ஜ்டவுன் அடுப்படி
அடுத்த திங்கள், காலை 8.20

நேற்று செய்தேன். ஒன்றல்ல, இரண்டு. சனிக்கிழமை காலை சௌரஸ்தா மார்க்கெட்டில் முக்கால் கிலோ கஸ்தூரி வாங்கி வந்து, முந்நூறு கிராம் சர்க்கரை குறைத்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்து, தோட்டத்து அண்ணன் சொன்ன அளவை மீற மனமில்லாமல் சமமாகவே போட்டேன். அது நல்லதாயிற்று, மாவில் இனிப்பைக் குறைத்துக்கொண்டதால் மொத்தத்தில் திகட்டவில்லை. சனி இரவு பத்து மணிக்குப் பாகு இறங்கியது. மெல்லியதாக அரிந்த தோல் விளக்கொளியில் பொன் நூல்போல் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஊற வைக்க ஒரு முழு இரவு கிடைக்கவில்லை, பத்து மணி நேரந்தான். அடுத்த முறை வெள்ளிக்கிழமையே தொடங்குவேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாவு, முட்டை இல்லாமல், லெமன் தோலோடு. பாலைத் தெளித்துச் சேர்த்தபோது இது ஒன்று சேராது என்றே தோன்றியது. நான்காம் கரண்டியில் சட்டென்று திரண்டது. முதல் தட்டு பதினொரு மணிக்கு அடுப்பிலிருந்து வந்தது, 180 டிகிரியில் 35 நிமிடம். மாலை 3 மணிக்கு மேசையில் வைத்ததை ஆறேகாலுக்கு ஆசிரியை வந்தபோது வெட்டினேன். துண்டு நேராக, ஓரம் சிதறாமல் தட்டில் உட்கார்ந்தது. அவர் தே ஓவோடு இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, தம் தாயார் செய்த அன்னாசித் தார்ட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். மாமியார் எதையும் கேட்காமல் எடுத்துக்கொண்டார். அதை நான் சமையலறை வாசலிலிருந்து பார்த்தேன்.

இரண்டாம் தட்டில் ஒரு குறை. மேலே நன்றாகச் சிவந்திருந்தும் அடியின் நடுப்பகுதி வெளிறி, சற்றுப் பச்சை மாவுச் சுவையோடு இருந்தது. இரண்டையும் ஒரே அளவு நேரந்தான் சுட்டேன். முதல் தட்டு மெல்லிய இரும்புத் தகட்டால் ஆனது, இரண்டாவது வெள்ளைப் பீங்கான். காரணம் அதுதானா?


செந்தூல் ரொட்டியறை
திங்கள், காலை 9.00

அதுவேதான் அக்கா. பீங்கான் சூட்டை மெல்ல வாங்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் அடுப்பில் வைத்திருப்பீர்கள், ஆகவே அடி சூடேறத் தொடங்குவதற்கே பாதி நேரம் போயிருக்கும்; அப்படி வைத்தால் பீங்கான் விரிசல் விடவும் கூடும். உலோகத் தட்டிலேயே செய்யுங்கள். அடுப்பைச் சூடாக்கும்போதே ஒரு கனமான தகட்டைக் கீழ்த்தட்டில் வைத்து அதையும் சூடாக்கி, அதன்மேல் தார்ட்டை வைத்தால் அடி முதல் பத்து நிமிடத்திலேயே பிடித்துக்கொள்ளும். மேற்பக்கம் முந்திச் சிவந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடலாம்.


பாலிக் புலாவ் தோட்டம்
திங்கள், காலை 9.35

மீதிப் பாகு எவ்வளவு இருக்கிறது தங்கச்சி? போத்தலைக் கொதிநீரில் போட்டெடுத்து, ஈரமில்லாமல் உலர்த்தி, பாகைச் சூட்டோடு ஊற்றி மூடினால் அடுத்த மாதத்துக்கும் வரும். இந்த ஞாயிறு நானும் என் மனைவியும் ஜார்ஜ்டவுன் பக்கம் வருகிறோம். ஒரு பை கஸ்தூரி பறித்துக்கொண்டு வரவா?


ஜார்ஜ்டவுன் அடுப்படி
திங்கள், காலை 10.05

அவசியம் வாருங்கள் அண்ணா, அக்காவையும் அழைத்து வாருங்கள். ஒரு போத்தலுக்குச் சற்றுக் குறைவாகப் பாகு இருக்கிறது. பாதி பச்சை, பாதி மஞ்சளாகப் பறித்து வாருங்கள்.